சாயங்காலம் ஐந்து மணிக்குப் பூபாளம்

இப்போது மணி என்ன? கடிகாரத்தைப் பார்த்துவிட்டீர்கள், சரி. அந்தக் கடிகாரம் உண்மை சொல்கிறது என்று உங்களுக்கு யார் சொன்னது?

சிரிக்காதீர்கள். நீலகிரியில் ஒரு நாகசுரக்காரரிடம் அவருடைய மனைவி இதே கேள்வியை ஐந்து மாதம் விடாமல் கேட்டாள். அவரும் உங்களைப் போலத்தான் சிரித்தார். பிறகு விஷயம் தெரிந்த நாள்முதல், சாகும்வரை, தன்னைப் பார்த்தே சிரித்துக்கொண்டிருந்தார்.

அவர் பெயர் லிங்கசாமி. சங்கீத வித்வான்களின் சரித்திரம் எழுதுகிறவர்கள் அவரை எழுதமாட்டார்கள். எழுத என்ன இருக்கிறது? எந்தச் சபையிலும் அவர் வாசித்ததில்லை. தங்கத் தோடா, சால்வை, பட்டம் எதுவும் கிடையாது. அரவேணு கடைவீதியில் உட்கார்ந்து அவரே சொல்வார்: "மத்த வித்வானுங்க வாசிச்சா கூட்டம் வந்து உக்காருமுங்க. நான் வாசிச்சா ஐந்நூறு பேரு எந்திரிச்சுப் போவாங்க. அதுக்குன்னே வாசிச்சவன் இந்த லோகத்துல நான் ஒருத்தன்தானுங்க."

அன்னூர்ப் பக்கத்தில், சவரக் கத்தியும் நாகசுரமும் ஒரே பெட்டிக்குள் கிடந்த குடும்பத்தில் பிறந்தவர். ஊரில் யார் வீட்டுக் கல்யாணமும் அவர்கள் ஊதாமல் நடக்காது. ஊதி முடித்ததும் கொட்டகைக்குப் பின்னால், நாய்களுக்குச் சற்று முன்பாக, இலை போடுவார்கள். மாப்பிள்ளைக்கு முகம் வழித்துவிட்ட கைதான் தாலி கட்டும்போது கெட்டிமேளம் ஊதும். அந்தக் கை தொட்ட செம்பை மட்டும் அந்த வீட்டில் யாரும் தொடமாட்டார்கள். இந்தக் கணக்கில் எங்கே அறிவு இருக்கிறது என்று அன்று யாரும் கேட்கவில்லை. லிங்கசாமியும் கேட்கவில்லை. அவருக்கு அப்போது இருபத்திரண்டு வயது. தான் ஒரு மகா வித்வான் என்ற நினைப்பிலேயே அந்த வயது முழுவதும் கழிந்துகொண்டிருந்தது.

அந்த நினைப்புத்தான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினான்கில் அவரைக் கவிழ்த்தது.

மேட்டுப்பாளையத்துக்கு அருகே ஒரு பண்ணாடி வீட்டுக் கல்யாணம். பண்ணாடி என்றால் ஊரில் பாதி நிலம் அவருடையது, மீதி நிலத்துக்காரர்கள் அவருக்குப் பயந்தவர்கள். முகூர்த்தம் ஏழரை மணிக்குள். ஏழு மணிக்கு லிங்கசாமி தோடி ராகத்தை எடுத்தார். ஆலாபனைக்குத் தவில் வேண்டாம் என்பதால் தவில்காரர் முனியசாமி பந்தலுக்குப் பின்னால் பீடி குடிக்கப் போனார். நல்ல வித்வான் கண்ணை மூடிக்கொண்டுதான் வாசிப்பான் என்று யாரோ சொன்னதை நம்பி, லிங்கசாமி கண்ணை மூடினார்.

தோடி அன்று நன்றாகத்தான் வந்தது. அதை அவர் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. ஐயர் கையை ஆட்டினார். மாப்பிள்ளையின் தாய்மாமன் துண்டை ஆட்டினார். பந்தலே சேர்ந்து "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று கத்தியது. மேல் ஸ்தாயியில் நின்றிருந்த லிங்கசாமிக்கு அது பாராட்டுச் சத்தமாகக் கேட்டது. இன்னும் உற்சாகமாக மேலே போனார். அவர் கண்ணைத் திறந்தபோது தாய்மாமனின் கை அவர் கன்னத்தில் இருந்தது. மாப்பிள்ளையின் கையில் தாலி அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஏழரை தாண்டியிருந்தது.

மேளமில்லாமல் தாலி கட்டுவதா என்று பண்ணாடி மறுத்ததால், மத்தியானம் வேறொரு நல்ல நேரம் தேடிப் பிடித்துக் கட்டினார்கள். லிங்கசாமிக்கு விழுந்த உதையில் நாகசுரத்தின் அடிவாய் பிளந்தது. அன்றிலிருந்து அவர் 'நேரங்கெட்ட லிங்கசாமி'. முப்பது மைல் சுற்றளவில் யாரும் கூப்பிடவில்லை. முகூர்த்தம் தவறிய அந்தத் தம்பதிக்கோ ஆறு பிள்ளைகள் பிறந்தன, இரண்டு தோப்பு புதிதாக வாங்கினார்கள், எழுபது வயதுவரை சண்டையில்லாமல் வாழ்ந்தார்கள். அந்த முகூர்த்தத்தால் கெட்டுப்போனது லிங்கசாமியின் பிழைப்பு ஒன்றுதான்.

தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்க வந்த ஒச்சப்ப மேஸ்திரி அவரை இந்த நிலையில் பிடித்தார்.

"மலைக்கு வாய்யா. தோட்டத்துல மாரியாத்தா கோயில் கட்டிருக்காங்க, ஊதறதுக்கு ஆளில்ல. ஊடு உண்டு, கம்பளி உண்டு."

"வித்வானுக்கு உண்டான மரியாதை இருக்குமுங்களா?"

"கம்பளி ரெண்டா வாங்கித் தர்றேன், வா" என்றார் மேஸ்திரி.

குன்னூரிலிருந்து அரவேணு போகும் வழியில் இருந்தது அந்தத் தோட்டம். துரை அதற்கு வைத்த இங்கிலீஷ் பெயர் யார் வாயிலும் நுழையாததால் எல்லோருக்கும் அது ஆறாம் மைல் தோட்டம். முதல் நாள் விடியலில் லிங்கசாமி கோயில் முன்னால் நின்று ஊதினார். புஸ் என்று காற்று மட்டும் வந்தது. நாகசுரத்தின் வாயில் செருகும் சீவாளி நாணல் தட்டையில் செய்தது. மலைக் குளிரில் அது விறைத்துப் போயிருந்தது.

வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர் அழகர்சாமி பக்கத்தில் நின்றிருந்தார். "ஏன்யா மேஸ்திரி, காத்து ஊதறதுக்கா இவ்வளவு தூரம் ஆள் கூட்டிட்டு வந்தே? காத்துதான் இங்க சும்மாவே அடிக்குதே!"

அதற்குப் பிறகு லிங்கசாமி ஒரு வழி கண்டார். எழுந்ததும் சீவாளியை வெற்றிலை மாதிரிக் கன்னத்தில் அடக்கிக்கொள்வார். அரை மணி நேரத்தில் அது இளகிவிடும். அந்த அரை மணி நேரமும் யார் என்ன கேட்டாலும் "ம்ம்" என்பார். தோட்டத்தில் அவருக்கு அடக்கமான மனிதர் என்று பெயர் வந்தது இப்படித்தான்.

ஒரு வாரம் கழித்துத் துரை கோயில் பக்கம் குதிரையில் வந்தார். லிங்கசாமியின் வாசிப்பைக் கேட்டார். சட்டைப் பையிலிருந்து பஞ்சை எடுத்து இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டார். பிறகு குதிரைக்காரனைத் தோட்டத்தின் கடைசி எல்லைக்கு அனுப்பி, மூன்று குன்றுக்கு அப்பால் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துவரச் சொன்னார். கேட்கிறது என்றான். அதுவரை வேலைக்கு அழைக்க ஊதிய கொம்பு இரண்டு குன்றோடு நின்றுவிடும். துரைக்கு ஒரே சந்தோஷம்.

"இவன் நல்லா ஊதறான். காலையில ஊதறான், சாயங்காலம் ஊதறான்" என்று உத்தரவிட்டார்.

தன் சுருதி சுத்தத்தைத் துரை மெச்சிவிட்டார் என்று லிங்கசாமி ஊருக்குக் காகிதம் எழுதச் சொன்னார். பேரேட்டில் அவரை 'பார்பர்' என்று எழுதியிருந்தது அவருக்கு நான்கு வருஷம் தெரியாது. காலையிலும் சாயங்காலமும் வாசிப்பு. நடுவில் தோட்டத்து ஆண்கள் அத்தனை பேருக்கும் சவரம். மலை ஏறினால் சாதி கீழேயே நின்றுவிடும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். அது அவருக்கு முன்பே மேலே வந்து கணக்குப் புத்தகத்தில் உட்கார்ந்திருந்தது.

ஆனால் வாசிப்பு மட்டும் ராஜ வாசிப்பு. விடியலில் ஆட்களை எழுப்பிக் களத்துக்கு அழைக்கப் பூபாளம். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பூர்விகல்யாணி. எந்த ராகத்துக்கு எந்த வேளை என்று விதி உண்டு, வேளை தப்பி வாசித்தால் வாசித்தவன் குடும்பத்துக்கு ஆகாது என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. முகூர்த்தம் தப்பவிட்டவன் என்ற பழியோடு வந்தவர் அல்லவா? இந்த விதியை அவர் உயிராகப் பிடித்துக்கொண்டார். கோயிலுக்கு எதிரே ஆபீஸ் ஜன்னலில் ஒரு பெரிய கடிகாரம் இருந்தது. அதன் முள் ஐந்தைத் தொடும். சீவாளி உதட்டைத் தொடும்.

கண்டக்டர் ஒரு சட்டம் வைத்திருந்தார். வாசிப்பு முடிந்தால்தான் கூடையை இறக்கலாம். நனைந்த கொழுந்து நிறைந்த கூடையோடு ஐந்நூறு பெண்கள் சரிவில் நின்று வாசிப்பைக் கேட்டார்கள். இதைவிடப் பெரிய சபை எந்த வித்வானுக்குக் கிடைக்கும்? லிங்கசாமி கண்ணை மூடினார். பத்து நிமிடம், கால் மணி நேரம் என்று ராகத்தை விரித்தார். ஒருநாள் விரிவு எல்லை தாண்டியபோது சரிவிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏனுங்க! அதை நிறுத்துங்க, கழுத்து ஒடியுது!"

கண்ணைத் திறந்து பார்த்தார். நெற்றியில் கூடைக் கயிறு பதிந்த ஒரு பெண், இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள். வாழ்க்கையில் முதல் முறையாகத் தன் வாசிப்பைப் பற்றி ஒருவர் நேருக்கு நேர் கருத்துச் சொன்னார் என்று அவருக்குத் தோன்றியது. மறுநாள் ஆலாபனையை இரண்டு நிமிடத்தில் முடித்தார். அடுத்த வருஷம் அவளைக் கல்யாணம் செய்துகொண்டார். அவள்தான் அங்கம்மா. மாரியாத்தா கோயிலில் நடந்த அந்தக் கல்யாணத்தில் கெட்டிமேளம் ஊத ஆளில்லாமல், மாப்பிள்ளையே தாலியைக் கட்டிவிட்டு நாகசுரத்தை எடுத்து ஊதினார்.

இப்படி ஏழு வருஷம் போயிற்று. எட்டாவது வருஷம் பேச்சி பிறந்தாள்.

பிள்ளை பெற்ற இருபதாம் நாள் அங்கம்மா கொழுந்து பறிக்கப் போனாள். குழந்தையைத் தோட்டத்துக் கொட்டகையில் விட்டுப் போகவேண்டும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஓடிவந்து ஒருமுறை பால் கொடுக்கலாம். பிறகு வாசிப்பு முடிந்துதான். நடுவில் அழுகிற பிள்ளைகளின் வாயில் கொட்டகைக் காவல்காரி கஞ்சித் தண்ணீரில் நனைத்த துணியை வைப்பாள்.

"ஏனுங்க, உங்க அஞ்சு மணி பொய்யுங்க" என்றாள் அங்கம்மா ஒருநாள், நனைந்த ரவிக்கையை அடுப்போரம் காயப் போட்டபடி.

"என்ன புள்ள சொல்றே?"

"மத்தியானம் குடுத்துட்டுப் போனா, இத்தனை நேரத்துல மறுபடி பால் கட்டும்னு எனக்குத் தெரியாதா? காலையில வேலைக்குப் போற கணக்கு ஒண்ணா இருக்குது, சாயங்காலக் கணக்கு வேறயா இருக்குது. மாரு கல்லாட்டக் கட்டிப்போயி, வலிச்சு, வழிஞ்சு, அதுக்கப்புறம் உங்க பாட்டு வருது. மணி லேட்டுங்க."

லிங்கசாமி சிரித்தார். லண்டனில் செய்த கடிகாரம்! பித்தளையும் இரும்பும் போட்டு வெள்ளைக்காரன் செய்தது! அதைப் போய் ஒரு பெண்பிள்ளையின் பால் திருத்துவதா? "மலையில பொழுது சீக்கிரம் சாயும் புள்ள. அதான் உனக்கு லேட்டாத் தெரியுது" என்றார். தோட்டத்தில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். மலையில் பொழுது சீக்கிரம் சாய்ந்துவிடுமாம். சீக்கிரம் என்றால் எவ்வளவு, எதைவிடச் சீக்கிரம் என்று ஐந்நூறு பேரில் ஒருத்தி மட்டும்தான் அளந்து பார்த்திருந்தாள். அவள் கையில் இருந்த கருவி அவள் உடம்பு. அதை நம்ப அவள் புருஷனுக்கே மனமில்லை.

பேச்சிக்கு ஐந்து மாதம் ஆனபோது, ஒரு மத்தியானம், லிங்கசாமி சீவாளிக்குக் கட்டும் நூல் வாங்க அரவேணுவுக்குப் போனார். அங்கே நூர் முகமது மளிகைக் கடை வைத்திருந்தார். கடையில் வாங்குவது கால் பங்கு, பேச்சு முக்கால் பங்கு. பேச்சு முடிகிற வழியாக இல்லை.

"சரிங்க ராவுத்தரே, அஞ்சு மணிக்கு நான் போய் நிக்கோணும்."

நூர் முகமது இடுப்பிலிருந்து சங்கிலிக் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். "அஞ்சா? இப்பவே அஞ்சே பத்துங்களே மேளக்காரரே!"

லிங்கசாமிக்கு மேட்டுப்பாளையத்துக் கல்யாணப் பந்தல் கண் முன்னால் வந்தது. தாய்மாமனின் கையும் வந்தது. நூலைக் கூட எடுக்காமல் ஓடினார். குறுக்குப் பாதையில் விழுந்து, முட்டி பெயர்ந்து, இருபது நிமிடத்தில் தோட்டத்து ஆபீஸ் முன்னால் வந்து நின்றார். கண்டக்டர் நிதானமாகப் பொடி போட்டுக்கொண்டிருந்தார். ஜன்னலில் கடிகாரம் ஐந்துக்குப் பத்து நிமிடம் இருப்பதாகக் காட்டியது.

கடையை விட்டுப் புறப்பட்டபோது ஐந்து பத்து. இருபது நிமிடம் ஓடிவந்த பிறகு நாலே முக்காலுக்கு மேல் ஐந்து. இதற்கு என்ன அர்த்தம்? லிங்கசாமிக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. மாரியாத்தா காலத்தைத் திருப்பி வைத்துத் தன் மானத்தைக் காப்பாற்றிவிட்டாள்! கண்ணில் நீர் மல்க அன்று அவர் வாசித்த பூர்விகல்யாணியைப் போல அதற்கு முன்னும் பின்னும் வாசித்ததில்லை. அதோடு நிற்காமல், வாசிப்பு முடிந்ததும் கோயிலில் ஒரு தேங்காயும் உடைத்தார்.

"ஆத்தா திருப்பி வெச்சாளா?" என்றாள் அங்கம்மா, கேட்டு முடித்துவிட்டு. குழந்தை அவசர அவசரமாகக் குடித்துக்கொண்டிருந்தது. "ஏனுங்க, ஆத்தாளுக்கு வேற வேலை இல்லையா? அழகர்சாமி திருப்பி வெச்சிருக்கானுங்க. அந்தத் தேங்காயை எடுத்தாங்க, சட்னியாவது அரைக்கிறேன்."

அந்தத் தேங்காய்ச் சட்னியின் காரம்தான் தனக்குப் புத்தியைத் தெளிய வைத்தது என்பார் லிங்கசாமி. மறுநாள் சவரத்துக்கு லீவு சொல்லிவிட்டு நூர் முகமதுவிடம் போனார்.

"ராவுத்தரே, உங்க கடிகாரம் சரிதானுங்களா?"

"வாரா வாரம் சரக்கு எடுக்கக் குன்னூர் போறப்ப ஸ்டேஷன் மணி பாத்து வெக்கிறனுங்க. மஞ்சு மூடுன நாள்ல சூரியனைப் பாத்தா தொழுக முடியும்? இந்தாங்க, மூணு நாளைக்கு வெச்சிருந்து நீங்களே பாருங்க. கீழ கீழ போட்டுப்போடாதீங்க, உங்க மேளத்தை வித்தாலும் ஆகாது."

இரண்டு நாள் பார்த்தார். காலையில் இரண்டு கடிகாரமும் ஒன்று. சாப்பாட்டு வேளையில் ஒன்று. அதன் பிறகு ஆபீஸ் கடிகாரம் நாற்பது நிமிடம் படுத்துத் தூங்கிவிட்டு எழுந்தது. ஆபீஸ் பூட்டியதும் யாரோ அதை மறுபடி சரியாக்கினார்கள். தினம் நாற்பது நிமிடம். ஐந்நூறு பெண்கள். ஏழு வருஷத்துக்கு மேல்.

லிங்கசாமிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எதற்கு என்று நினைக்கிறீர்கள்? அந்தப் பெண்களின் நேரம் திருடு போனதற்கா? தன் மனைவி வலியோடு நின்றதற்கா? அதுதான் இல்லை. "ஏழு வருஷமா என்ர பூர்விகல்யாணியை வேளை தப்பி வாசிக்க வெச்சுப்போட்டானுங்களே!" என்றுதான் அவருக்குக் கோபம். பின்னாளில் இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் பேச்சை நிறுத்தித் தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொள்வார்.

அந்தக் கோபத்தோடு நேரே துரையின் ஆபீசுக்குப் போனார். வாசற்படிக்கு வெளியே, மழையில் நின்றுதான் பேசவேண்டும். கண்டக்டர் உள்ளே துரையின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"என்ன வேணும்?" என்றார் துரை.

"கடிகாரம் நாப்பது நிமிஷம் தப்புங்க தொரைகளே. பூர்விகல்யாணி சாயங்கால ராகமுங்க. இருட்டுன பொறவு வாசிச்சா குத்தமுங்க."

அழகர்சாமி இங்கிலீஷில் சொன்னார். துரை விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துக் கேட்டார்: "இருட்டுல வாசிக்க வேற பாட்டு இருக்குதா?"

"இருக்குதுங்க... நீலாம்பரி."

"நல்லது. அது ஊது. கடிகாரம் என் கடிகாரம். நீ மணி பாக்கறான் இல்லை, நீ ஊதறான். பிடிக்கலேன்னா கீழே போறான்."

 லிங்கசாமியின் கையில் அசைக்க முடியாத உண்மை ஒன்று இருந்தது: கடிகாரம் பொய். அதோடு நின்றிருக்கலாம். அதன் தலையில் ராக சாஸ்திரத்தைக் கட்டிக்கொண்டு போனதால், துரை உண்மையைத் தொடாமலே சாஸ்திரத்தை ஒரு கேள்வியில் தட்டிவிட்டார். இடுப்பில் கடிகாரம், மனதில் மூடநம்பிக்கை. தோற்காமல் என்ன செய்வார்? கம்பளியும் கூரையும் ஐந்து மாதக் குழந்தையும் நினைவுக்கு வர, "சரிங்க தொரைகளே" என்று சொல்லிவிட்டு வந்தார்.

அங்கம்மா கேட்டது ஒரே கேள்வி. "பேச்சியைப் பத்திச் சொன்னீங்களா?"

அவர் சொல்லவில்லை. அந்த நினைப்பே வரவில்லை. கன்னத்தில் சீவாளி இல்லாமலே "ம்ம்" என்றார்.

மறுநாள், மூன்றாவது நாள். பனிமூட்டம் சரிவில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. லிங்கசாமி நாகசுரத்தோடு கோயில் முன்னால் வந்து நின்றார். இடுப்பில் நூர் முகமதுவின் கடிகாரம் ஐந்து காட்டியது. ஜன்னலில் இருந்தது நாலே கால் தாண்டி ஐந்து நிமிடம் காட்டியது. கண்டக்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பனி விலகிய ஓர் இடத்தில் ஓர் உருவம் கூடையோடு வரிசையை விட்டு இறங்கி வருவது தெரிந்தது.

"யாரடி அது? மணி ஆகல, ஏறு மேலே!" என்று கத்தினார் அழகர்சாமி.

உருவம் நிற்கவில்லை. அது அங்கம்மா. மார்புத் துணி நனைந்திருந்தது.

"எனக்கு மணி ஆயிருச்சுங்க கண்டக்டரே. எம்புள்ளை கத்துறது இங்க கேக்குது. உங்க கடிகாரத்துக்குப் பால் சுரக்குமுன்னா சொல்லுங்க, நின்னு பாக்கறேன்."

கூடையை இறக்கி வைத்தாள். கொட்டகைப் பக்கம் நடந்தாள். சரிவில் ஐந்நூறு கைகள் பறிப்பதை நிறுத்தியிருந்தன. யாரும் இறங்கவில்லை, யாரும் பறிக்கவுமில்லை.

"டேய் லிங்கா! உன் பொண்டாட்டியை அடக்கு. இல்லேன்னா நாளைக்கு ரெண்டு பேரும் ரோட்டுல!"

எல்லாக் கண்களும் லிங்கசாமியின் மேல் இருந்தன. வாழ்நாள் முழுவதும் அவர் ஏங்கிய கவனம்.  ஊதினால் வீடு போகும். கோயில் வாசல் போகும். ஊதாமல் நின்றால் எல்லாம் இருக்கும்; அங்கம்மா மட்டும் தனியாக நடந்துபோவாள். அவர் நாகசுரத்தைத் தூக்கினார். பூர்விகல்யாணிதான் மனதில் இருந்தது. பயத்தில் விரல்கள் தங்களுக்கு நன்றாகப் பழகியதைப் பிடித்துக்கொண்டன. வந்தது பூபாளம். சாயங்காலம் ஐந்து மணிக்கு, பொழுது விடியும் ராகம்.

மூன்று குன்றுக்கும் கேட்டது.  பிறகு மேல் சரிவிலிருந்து மூக்கம்மா, அந்தத் தோட்டத்தில் எல்லோருக்கும் மூத்தவள், கேட்டாள்: "ஏனுங்க வித்வானே! இப்பத்தான் எந்திரிச்சீங்களா?"

ஐந்நூறு பெண்கள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். கண்டக்டரின் கூச்சல் அந்தச் சிரிப்பில் அமுங்கிப்போயிற்று. வானம் இடியவில்லை. வேளை தப்பி வாசித்தவன் குடும்பத்துக்கு ஆகாது என்ற விதி, கொட்டகை வாசலில் பால் குடித்துக்கொண்டிருந்த பேச்சியை ஒன்றும் செய்யவில்லை. எந்த ராகத்துக்கும் மணி பார்க்கத் தெரியாது என்று லிங்கசாமிக்கு அன்று உறைத்தது. முப்பது வயதில்.

மறுநாள் காலையில் அவர்களுடைய பானையும் பாயும் ரோட்டில் கிடந்தன. அழகர்சாமி சொன்ன சொல் தவறாதவர். அரவேணுவில் நூர் முகமது தன் கடையை ஒட்டிய சரக்கு அறையைக் காலி செய்து கொடுத்தார். கடிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, "இனிமே கேட்டா இங்கிருந்தே மணி சொல்றேன், ஓட வேண்டியதில்ல" என்றார்.

லிங்கசாமி கடைவீதியில் சவரத்துக்கு உட்கார்ந்தார். சாயங்காலம் சாதகம் செய்யவேண்டும் அல்லவா? கடைக்குப் பின்னால் ஒரு மேடு. நூர் முகமது "அஞ்சாச்சுங்க" என்று குரல் கொடுப்பார். லிங்கசாமி மேட்டில் ஏறித் தோட்டத்துப் பக்கம் முகத்தைத் திருப்பி நின்று பூபாளம் வாசிப்பார். ரோடு சர்க்காருடையது, மேடு யாருடையதுமில்லை. ஒரு மனிதன் நின்று சாதகம் செய்வதைத் தடுக்க எந்தத் துரைக்கும் சட்டம் கிடையாது. அந்தச் சத்தம் மூன்று குன்று தாண்டிக் கேட்கும் என்று குதிரைக்காரனை அனுப்பி அளந்து வைத்ததே துரைதான்.

தோட்டத்தில் மறுபடி கொம்பு வைத்தார்கள். கொம்பு ஊதுவதற்கு நாற்பது நிமிடம் முன்பாகவே பெண்கள் கூடையை இறக்கினார்கள். பெயரை வெட்டிக் கூலியைப் பிடித்தார்கள், சிலரை விரட்டினார்கள். விரட்டப்பட்டவர்களோடு இன்னும் சிலர் வேறு தோட்டம் பார்த்துப் போனார்கள். நல்ல மழைக்குப் பிறகு கொழுந்து மளமளவென்று வந்தபோது பறிக்க ஆள் போதவில்லை. அந்த வருஷக் கடைசியில் ஆபீஸ் கடிகாரம் மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டது. யாரும் அறிவிக்கவில்லை, யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கொம்பும் பூபாளமும் ஒருநாள் ஒரே நேரத்தில் கேட்டன, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகும் லிங்கசாமி நிறுத்தவில்லை. கடிகாரத்தை நம்பிக் கெட்டவர், இனி நம்புவாரா? இருபத்துநான்கு வருஷம் தினமும் ஐந்து மணிக்கு அந்த மேட்டில் நின்று வாசித்தார். தோடியைக் கண் மூடி வாசிக்கும் ஆசை மட்டும் போகவில்லை. அங்கம்மா அனுமதிக்கவில்லை. "கண்ணைத் தொறந்துட்டு வாசிங்க. யாரு கூடையோட நிக்கறாங்கன்னு பாத்துட்டு வாசிங்க" என்பாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறில் அவர் இறந்தபோது எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. அன்று ஐந்து மணிக்கு வாசிப்பு இல்லை. ஆறாம் மைல் தோட்டத்துப் பெண்கள் கூடையை இறக்கிவிட்டு, கேட்காத வாசிப்பைக் கேட்டபடி கொஞ்ச நேரம் நின்றார்கள் என்று பேச்சி சொல்வாள்.

நீங்கள் துரை இல்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் உங்கள் வீட்டிலோ கடையிலோ ஆபீசிலோ ஒருவர், உங்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, உங்களுக்காக நின்றுகொண்டிருக்கக்கூடும். அவருக்கும் எங்கோ ஒரு பிள்ளை அழுதுகொண்டிருக்கலாம். இன்று சாயங்காலம் அவரிடம் போய், எத்தனை மணிக்கு அவர் வீட்டுக்குப் போகவேண்டும் என்று கேளுங்கள். அந்த நேரம் தாண்டியிருந்தால், கையில் இருக்கிற வேலையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, இப்போதே போகச் சொல்லுங்கள்.